பழைய மாருதி 800 வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு



அப்பா ஓட்டிய வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உங்களில் சிலர். புதுக் காரின் தவணைக்குச் சம்பளம் இடம் கொடுக்காததால் வாங்கியவர்கள் பலர். ஓட்டிப் பழகிவிட்டு விற்றுவிடலாம் என்று வாங்கி, பிறகு அதன் மேல் ஆசை வைத்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், சில மாதங்களில் ஒரே புலம்பலோடு வந்து நிற்கிறீர்கள்: "அண்ணே, எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் அதே கம்ப்ளைன்ட்."

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி இந்த வண்டியின் முதல் சாவியைக் கொடுத்தார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. சென்னை போன்ற பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்த 2010 ஏப்ரலிலேயே விற்பனை முடிந்துவிட்டது. ஆக, இங்கே ஓடுகிற 800 எதுவும் இளம் வண்டி கிடையாது. உங்களிடம் இருப்பது கார்ப்ரேட்டர் வண்டி என்றால் அதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டது. அதற்குள் நாலைந்து உரிமையாளர்கள், ஒரு டஜன் மெக்கானிக்குகள், கணக்கில்லாத ஆத்திர அவசர ரிப்பேர்கள்.

நான் சொல்ல வருவது அந்த அவசர ரிப்பேர்களைப் பற்றித்தான். இந்த வண்டியில் நீங்கள் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை குர்கான் தொழிற்சாலையில் பிறந்தவை அல்ல. வயதால் மட்டும் வந்தவையும் அல்ல. யாரோ ஒருவர் அன்றைக்கு வண்டி வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று செய்த வேலை, அப்படியே நிலைத்துவிட்டது. அதன் மேல் இன்னொருவர் இன்னொரு குறுக்கு வழி செய்தார். புதுப் பாகம் வாங்கி மாட்டுவதற்கு முன், அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். மீதிப் பாதி என்னவென்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். சாவியைத் திருகியதுமே ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறதா? அப்படியென்றால் யாரோ 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் ஓடி, சூடு தணிந்ததும் நிற்பதுதான் அந்த ஃபேனின் வேலை. அதற்கென்று ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கிறது. அது செத்துப்போனால் புது சுவிட்ச் போட வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு வயரை இழுத்து இக்னிஷனோடு சேர்த்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். நாள் முழுக்கச் சுற்றும் ஃபேன் மோட்டார் சீக்கிரம் தேயும், டைனமோவுக்குச் சுமை ஏறும். ஒரு நாள் அந்த ஃபேன் நின்றுபோகும். நின்றது தெரியாமல் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

சரிபார்ப்பது சுலபம். சுவிட்சின் வயர்களைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார், ஃபியூஸ் எல்லாம் நலம்; சுவிட்ச்தான் போய்விட்டது. ஓடாவிட்டால் ஃபியூஸ், மோட்டார், எர்த் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஃபேனுக்கு டைரக்ட் கொடுத்தவர் அநேகமாகத் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருப்பார். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்பார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். வயிற்றுவலிக்குப் பல்லைப் பிடுங்கிய கதை இது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது எஞ்சின் விரைவில் சூடேறுகிறது. ஏறத்தாழ 82 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், மைலேஜ் விழும், ரிங் தேயும். இத்தனைக்கும் பிறகு, ரேடியேட்டர் அடைத்திருந்தால் நெரிசலில் வண்டி அப்போதும் சூடாகத்தான் செய்யும்.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று அறிய வீட்டு அடுப்பே போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிநிலையை நெருங்குவதற்கு நன்றாக முன்பே அதன் வாய் மெல்லப் பிளக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் மூடிக்கொள்ள வேண்டும். திறக்கவே இல்லை என்றாலும், எப்போதும் திறந்தே கிடந்தாலும் புதிது வாங்குங்கள். பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். வீட்டில் அமைதி முக்கியம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அதன் தலையில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரை உள்ளே பிடித்துவைக்க வேண்டும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியைத் தாண்டி 118, 119 வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் கசிந்தால் தண்ணீர் முன்பே கொதித்து, வெளியே இருக்கும் பாட்டிலுக்கு ஓடிவிடும். "தண்ணி குறையுது, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்று எஞ்சினைப் பிரித்த பிறகு, கடைசியில் மூடிதான் காரணம் என்று தெரிந்த வண்டிகள் உண்டு. ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். துணியைப் போட்டுத் திறந்தாலும் கை வெந்துவிடும்.

அடுத்து, உள்ளே என்ன தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். துரு நிறத்தில் கலங்கலாக இருந்தால் இத்தனை காலமும் போர் தண்ணீரில் ஓடியிருக்கிறது. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டரின் சன்னக் குழாய்களிலும் படியும். 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாத தண்ணீர் அதை மெல்ல அரிக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, வாங்கிய கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு வழியில் எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் பாதகமில்லை. வீடு வந்ததும் வடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் சூடேறினால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குரிய அடையாளம் இது: எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்க் கட்டி போல வெண்மையாகப் படிந்திருப்பதையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். பக்கத்துத் தெரு வரைக்கும் மட்டுமே ஓட்டும் வண்டிகளில் ஈரப்பதத்தாலும் அது படியும். குமிழியை நம்புங்கள், மூடியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். கொஞ்சம் ஓடிய பிறகு நிறுத்தினால் செல்ஃப் முனகும், சுற்றாது. புது பேட்டரி போட்டார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டினார்கள். மறுபடியும் அதே முனகல். ஒரு நாள் அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஸ்டார்ட் பண்றப்போ சோக் நாப் சுடுது." அதில்தான் எல்லாம் இருந்தது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் பட்டை துருவேறி, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் இழுக்கிற அத்தனை கரண்ட்டும் திரும்பிப் போக வழியில்லாமல், எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மெல்லிய கம்பி, சுடாமல் என்ன செய்யும்? பட்டையைக் கழற்றி, இரண்டு முனைகளையும், அவை உட்காரும் இடத்தையும் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, திரும்ப இறுக்கினோம். அன்றோடு முனகல் போயிற்று.

இதை அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் சார்ஜ் பாதிதான். ஸ்டார்ட் செய்யும் அந்த சில நொடிகளில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. இந்த மூன்றையும் பார்க்காமல் யாராவது "டைனமோ போச்சு" என்றால் நம்ப வேண்டாம்.

எர்த்துக்கு இன்னொரு சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும், மற்றதை எஞ்சினின் பளிச்சென்ற உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஹெட்லைட் மங்கல், வைப்பர் சோம்பல், இன்டிகேட்டர் போட்டால் டாஷ்போர்டில் வேறு விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த எர்த்தே காரணம். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்த்தால் அன்றே எடுத்துவிடுங்கள். பழைய கார் தீப்பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இனி மிஸ்ஸிங். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று தூங்கினால் எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வண்டி முழுக்க உதறும். எது தூங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கார்ப்ரேட்டர் வண்டியில், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கைப்பிடியில் ரப்பர் உள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகச் சற்று இழுத்து மாட்டுங்கள். எதை எடுத்தால் எஞ்சின் தடுமாறுகிறதோ அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எதை எடுத்தும் எஞ்சின் சத்தம் மாறாமல் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. 2000-க்குப் பிறகு வந்த, கார்ப்ரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இப்படி வயரை இழுக்காதீர்கள், எலெக்ட்ரானிக்ஸ் கெட்டுவிடும்.

ஆளைப் பிடித்த பிறகு அந்த பிளக்கைக் கழற்றி மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நலம். வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் ஈரம் பளபளத்தால் ரிங்கோ வால்வு சீலோ. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். மூன்று பிளக்கையும் கழற்றிய வரிசைப்படி ஒரு செய்தித்தாளில் அடுக்கிவைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் காரணம் பொதுவானது: கார்ப்ரேட்டர், டைமிங், ஏர் ஃபில்டர். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் காரணம் அந்த சிலிண்டரில் இருக்கிறது. இந்த ஒரு பார்வை எத்தனையோ வீண் செலவைத் தடுக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறதென்றால் இருட்டிய பிறகு, தெருவிளக்கு படாத இடத்தில் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். கொஞ்சம் தண்ணீரைப் பிளக் வயர்களின் மேல் லேசாகத் தெளியுங்கள். வயரின் உறையில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். 'டிக் டிக்' என்று காதிலும் விழும். பகலில் எத்தனை மெக்கானிக் பார்த்தாலும் அகப்படாதது இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்பக்கம் விளக்கைக் காட்டினால், பென்சிலில் கோடு போட்டது போல ஒரு கறுப்புக் கீற்று தெரியலாம். மூடி கீறியிருக்கிறது, கரண்ட் அந்த வழியாக ஓடி ஓடித் தடம் போட்டிருக்கிறது. துடைத்தால் போகாது, மாற்ற வேண்டும்.

பாயிண்ட் வைத்த பழைய மாடல் உங்களுடையது என்றால் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் மதிப்பில் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு என்று சீக்கிரம் சீக்கிரமாக எரிகிறதென்றால், பாயிண்டை மாற்றி மாற்றிப் பயனில்லை; கண்டன்சரை மாற்றுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும். ஆகவே முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு "பிக்கப் இல்லை" என்று கார்ப்ரேட்டரில் கைவைப்பது சர்வ சாதாரணம்.

அந்தக் கார்ப்ரேட்டரின் மேல்தான் எல்லாப் பழியும். 800-க்கான கார்ப்ரேட்டரைத் தயாரித்தது நம் மறைமலை நகரில் இருந்த யூகால். ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம். நன்றாகச் செய்யப்பட்ட பொருள் அது. திருகாணியை ஆளாளுக்குத் திருகியதால் கெட்டதே அதிகம். 'டியூனிங்' என்ற பேரில் ஐடில் திருகாணியை ஏற்றி வைப்பார்கள். அது உண்மையில் வேறொரு கோளாறை மறைக்கிறது.

அறிகுறி இதுதான்: சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகும், சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் ஐடில் பிடித்து ஓடும், ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. இதற்குப் பொருள், ஐடில் பாதையில் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கிருந்தோ கள்ளக் காற்று நுழைகிறது. இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும். முதலில் காற்று. வேக்கம் ஹோஸ்கள் வெடித்திருக்கின்றனவா, கழன்று தொங்குகின்றனவா, யாராவது திருகாணியைச் செருகி அடைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள். கார்ப்ரேட்டர் உட்காரும் இடத்தில் இருக்கும் பாக்கிங்கைச் சுற்றியும், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்திலும் எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தெளித்த கணத்தில் ஓட்டம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதை நான் செய்ய மாட்டேன்.

காற்றுக் கசிவு இல்லையென்றால் பெட்ரோல். கார்ப்ரேட்டரில் வயர் செருகிய சிறு சொலினாய்டு இருக்கிறதா பாருங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருகினால் அது 'டக்' என்று ஒலிக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் வயரையும் ஃபியூஸையும் பாருங்கள். சாவியைத் திருகும்போது ஒலித்தும் ஐடில் நிற்கவில்லை என்றால்தான் ஐடில் ஜெட்டைக் கழற்ற வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட்டின் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து துளைத்தது. ஒரு முறை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த டியூனிங்கும் பலிக்காது.

பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால், எளிய ஆதாரம் ஒன்று உங்கள் டாஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கிறது: புகைச் சான்றிதழ். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய விதிப்படி தயாரான பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். நேர்மையாக அளந்து கொடுத்த சீட்டில் அது வரம்பை ஒட்டி இருந்தால் கலவை அடர்த்தியாகப் போகிறது. சோக் முழுதாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் ஊசி கசிகிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். அளக்கும் குழாயை எக்ஸாஸ்டில் செருகாமலே சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் வாங்கிய சீட்டு என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

எத்தனால் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023-இலிருந்து பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது; இன்று தேடினாலும் வேறு கிடைப்பது கஷ்டம். உங்கள் வண்டியின் ரப்பர் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ் உப்பி மெதுமெதுவென்றாகும், பம்பின் டயாஃப்ரம் தளரும். வண்டி நாள்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் தண்ணீரைச் சேர்க்கும், டாங்க் துருவேறும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் போட்டுக்கொண்டால் துரு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்ரோல் வாடை வருகிற வண்டியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

புகையைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை என்றால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங். நிச்சயம் செய்ய கம்ப்ரஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இதைச் செய்து காட்டாமல் "போர் அடிக்கணும்" என்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்தில் கட கட என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறிய பிறகுதான் இது வரும். பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் ஜாயிண்ட் தப்பித்திருக்கும். வேகம் ஏற ஏற ஹூம் என்ற ஒலி கூடி, ஒரு பக்கம் வளைவில் திரும்பும்போது மாறினால் வீல் பேரிங்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நின்ற நிலையில் பெடலை மிதித்தபடியே பிடித்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். பஞ்சு போல அமுங்கினால் காற்று. ஒரு பக்கம் இழுத்தால், கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். எது அதிகம் சுடுகிறதோ அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பழைய பிரேக் ஹோஸ் உட்புறம் வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடிப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும் முறையும் இதில் சேர்த்தி. "கார்ப்ரேட்டர் சர்வீஸ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் கார்ப்ரேட்டர் சர்வீஸ் செய்வார், காசு வாங்குவார், தவறு அவருடையதல்ல. நீங்கள் வைத்தியம் சொல்லாதீர்கள், நோயைச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, ஏறும்போதா நிற்கும்போதா, எந்த ரிப்பேருக்குப் பிறகு ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடி எடுத்த ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர், அட்டைப்பெட்டியில் பளபளக்கும் டூப்ளிகேட்டைவிட நன்றாக உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்காரர்களுக்கு இந்த மடலில் பாதிதான் பொருந்தும். கூலிங், எர்த், பிரேக் மூன்றும் உங்களுக்கும் அதேதான். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். அங்கேயும் ஸ்கேனர் ஒரு சென்சாரின் பேரைச் சொன்னதும் அதை வாங்கிவிடாமல், அதற்குப் போகும் வயரையும் கனெக்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள். 800-இல் எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. துருவுக்கு ஓரளவுதான் உண்டு. மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் சீட்டைக் கழற்றி, கால் மிதியடியையும் அதன் கீழிருக்கும் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து உலர்த்துங்கள். தரையில் ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் தட்டுங்கள். ணங் என்றால் சரி, பொத் என்றால் தகடு தின்றுபோயிருக்கிறது. தரைத் தகட்டை வெட்டி வெல்டிங் செய்துகொள்ளலாம். பேட்டரி உட்காரும் தட்டையும் அப்படியே. ஆனால் பானெட்டுக்குள் முன் ஷாக் அப்சார்பர் வந்து முட்டும் மேடைகளும், அடியில் சஸ்பென்ஷன் கை பிடித்திருக்கும் இடங்களும் பொடிந்திருந்தால், பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், இன்னொருவர் தலையிலும் கட்டாதீர்கள். அதன் எஞ்சினையும், பத்திரமாக இருக்கும் கார்ப்ரேட்டரையும் கழற்றி, நல்ல பாடி வைத்திருக்கும் இன்னொரு 800-க்காரருக்குக் கொடுங்கள். தேடிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு 800 வைத்திருப்பவன்